கம்பியைப் பார், உயரத்தைப் பார்க்காதே: ஃபோர்-பை-ஃபோர் வண்டியின் கம்பெனி ஸ்பிரிங்கை அளந்து ஒப்பிடும் முறை

சானி பாஸ் மலைப் பாதையில் ஏறப் போகிறோம் என்று புதிதாக வண்டி வாங்கிய தம்பிமார் வந்து கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எந்த ஸ்பிரிங் போடலாம்? எத்தனை அங்குலம் தூக்கலாம்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். இப்போது உன் வண்டியில் என்ன ஸ்பிரிங் இருக்கிறது? இதற்குப் பெரும்பாலும் பதில் வராது. "கம்பெனி ஸ்பிரிங்தான்" என்பார்கள், கம்பெனி ஒரே ஒரு ஸ்பிரிங்கைச் செய்து எல்லா வண்டிக்கும் மாட்டி அனுப்பியது போல.

அப்படி இல்லை. ஒரே மாடலுக்குள்ளேயே டீசல் எஞ்சினுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, நீள வண்டிக்கு ஒன்று, குட்டை வண்டிக்கு ஒன்று, பல வண்டிகளில் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்குமே வேறு வேறு என்று கம்பெனிக்காரர்களே பல ஸ்பிரிங்குகளை வைத்திருக்கிறார்கள். இவற்றை அளந்து ஒப்பிடத் தெரிந்துகொண்டால், வண்டியை உயர்த்தும் விலை கூடிய தூக்கு செட் வாங்காமலே, அதே கம்பெனியின் இன்னொரு கனமான ஸ்பிரிங்கை வைத்தே காரியத்தை முடித்துவிடலாம். எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நாம் செய்கிற ஓட்டத்துக்கு, அதாவது வாரநாளில் வேலை, சனிக்கிழமை டொங்காட், ஸ்டாங்கர் பக்கக் கரும்புத் தோட்ட மண் பாதை, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை டிராகென்ஸ்பெர்க் மலை, பலருக்கு இது போதும்.

எனக்கு இது புரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது பழைய லாண்ட் ரோவர் 110. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது அண்டா, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் என் வண்டியில்தான் போகும், பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். ஒரு கடையில் போய்ச் சொன்னேன். "ஹெவி டியூட்டி, 40 மி.மீ. தூக்கும்" என்று ஒரு ஜோடியைத் தந்தார்கள். மாட்டினேன், வண்டி உயர்ந்து நின்றது, சந்தோஷமாக இருந்தது. அடுத்த ஆடிக்கு அதே பாரத்தை ஏற்றியதும் முன்பு எத்தனை அமுங்கியதோ அதே அளவு அமுங்கியது. பக்கத்து வீட்டு மாமா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்து பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் அளந்தார். கம்பியின் கனம் இரண்டிலும் ஒன்று, சுற்றின் அகலமும் ஒன்று. புதியது வெறுமனே நீளமாகச் சுற்றப்பட்டது, அவ்வளவுதான். "ஸ்பிரிங்கோட உயரத்தைப் பார்க்காதே தம்பி, கம்பியைப் பார்" என்றார். நான் பணம் கொடுத்து வாங்கியது உயரத்தை, எனக்குத் தேவைப்பட்டதோ விறைப்பு, அதாவது பாரத்துக்கு எளிதில் அமுங்காத தன்மை.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கே சுருள், எங்கே பட்டை

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இங்கே ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்யும் இரண்டு டொயோட்டாவையே எடுத்துக்கொள்ளலாம். ஹைலக்ஸ் பக்கிக்கு (பிக்கப் வண்டி) பின்னால் பட்டை ஸ்பிரிங், அதன் உறவான ஃபார்ச்சூனருக்குப் பின்னால் சுருள். இரண்டுக்கும் முன்னால் ஷாக் அப்சார்பரைச் சுற்றி உட்காரும் சுருள். லாண்ட் குரூசர் 79 பக்கிக்கு முன்னால் முழு ஆக்சிலும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்திரம்) சுருளும், பின்னால் பட்டை. பழைய 80 சீரிஸுக்கு நான்கு மூலையிலும் சுருள். சுசூகி ஜிம்னி 1998 இலிருந்து நான்கு மூலையிலும் சுருள், இரண்டும் முழு ஆக்சில். நிசான் நவாராவின் D23 மாடல் டபுள் கேப் பக்கியாக இருந்தும் பின்னால் சுருள். லாண்ட் ரோவரில் 110 க்கு 1983 இலும் 90 க்கு 1984 இலும் சுருள் வந்துவிட்டது. அதற்கெல்லாம் முன்னோடி 1970 இன் ரேஞ்ச் ரோவர். நான்கு பக்கமும் நீளமான, மென்மையான சுருள்களை வைத்து, பின்னால் பாரம் ஏறினால் வண்டி குந்திவிடாமலிருக்க நடுவில் தானாக மட்டம் பிடிக்கும் ஒரு யூனிட்டையும் வைத்தார்கள்.

அந்த மட்ட யூனிட்டை ஏன் சொல்கிறேன் என்றால், 110 ஸ்டேஷன் வேகன் சிலவற்றிலும் அது வந்தது. அப்படி வந்த வண்டிகளுக்குப் பின் ஸ்பிரிங் மென்மையானது, யூனிட் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிச் செய்தது. யூனிட் செத்துப்போய், யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மென்மையான ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவைத்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வாங்கியவர் "ஸ்பிரிங் போய்விட்டது" என்பார். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கும், வண்டிக்கு அது பொருத்தமில்லாதது, அவ்வளவே.

முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கட்டியிருக்கும் வண்டிக்கு (ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ், நவாரா முன்பக்கம்) ஒன்று சொல்லிவிடுகிறேன்: அதை வீட்டில் பிரிக்காதீர்கள். மேல் நட்டைத் தளர்த்தினால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், முகத்தைப் பெயர்த்துவிடும். அமுக்கும் கருவி ஒழுங்காக உள்ள பட்டறையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி, அங்கேயே அளந்துகொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் கழற்றும் முறை முழு ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச் சட்டத்துக்கும் (சேசிஸ்) இடையே தனியாக உட்கார்ந்திருக்கும் சுருளுக்கு மட்டும்.

முதலில் நம்பர்

வண்டியின் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு டீலரின் பாகங்கள் கவுன்டருக்குப் போய், இந்த வண்டிக்கு ஃபாக்டரியில் எந்த ஸ்பிரிங் போட்டார்கள், முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது என்று நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே மாடலின் கனமான வகைக்கு என்ன நம்பர் என்றும் கேளுங்கள். நாம் கேட்காதவரை இதை யாரும் சொல்வதில்லை. ஜிம்னிக்காரர்கள் குறிப்பாகக் கேளுங்கள்: ஐந்து கதவு வண்டி மூன்று கதவு வண்டியைவிட நீளம், கனம், இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

ஸ்பிரிங்கின் மேல் பெயின்ட் கோடுகள் இருக்கும். லாண்ட் ரோவரில் எந்த ஸ்பிரிங் எது என்பதற்கு அந்த நிறக் கோடுகள்தான் அடையாளம். துருவும் சேறும் ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கோடு போய்விடும், அடையாளமும் போய்விடும், மேல் பூச்சும் போய்விடும்.

வலம் இடம் வித்தியாசம் ஏன் என்று கேட்பீர்கள். ஓட்டுநர் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் உட்காருகிறார், டீசல் டேங்க் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். அதனால் கனமான பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர் நீளமான ஸ்பிரிங் போடுகிறார்கள். கழற்றி வலதை இடதில் மாட்டிவிட்டால் வண்டி ஒரு தோளைச் சாய்த்து நிற்கும், பிறகு எத்தனை நாள் தேடினாலும் காரணம் தெரியாது.

எஞ்சின் விஷயமும் இப்படித்தான். நம் நாட்டுக்கென்றே பி.எம்.டபிள்யூ 2.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்த டிஃபெண்டர் (லாண்ட் ரோவர் 90, 110 க்குப் பின்னாளில் வைத்த பெயர்) வந்தது, டீசல் டிஃபெண்டரும் ஓடுகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று, முன் ஆக்சில் மேல் இருக்கும் கனம் வேறு. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத முன் ஸ்பிரிங்கை, மாடல் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்க வேண்டாம்.

எடை மேடை

இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். எடை தெரியாமல் ஸ்பிரிங் தேர்வு செய்வது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல.

பழைய இரும்பு வாங்கும் பெரிய யார்டுகளில் லாரி எடை மேடை இருக்கும், கேட்டால் சிறிய தொகைக்கு எடை போட்டுத் தருவார்கள். இரண்டு தடவை போங்கள். ஒன்று, வாரநாளில் எப்படி ஓட்டுகிறீர்களோ அப்படி. இன்னொன்று, பயணத்துக்குப் போகும் நாளில், டேங்க் நிறைய, ஆட்கள், கூடாரம், தண்ணீர் எல்லாவற்றோடும். ஒவ்வொரு தடவையும் முழு வண்டி, பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றுக்கு 20 கிலோ, 80 லிட்டர் டீசல் 67 கிலோ பக்கம், கூரைக் கூடாரம் 50 கிலோ பக்கம், இரண்டாவது பேட்டரி 20 கிலோவுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் பயமாக இருக்கும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கில் வண்டியின் வெற்று எடையும் மொத்த அனுமதி எடையும் அச்சிட்டிருக்கும். அந்த மொத்த எடையைத் தாண்டியிருந்தால் முதலில் சாமானைக் குறையுங்கள். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் சட்டமும் பழையதேதான், அனுமதி எடையும் ஒரு கிலோ கூடாது. ஜிம்னி போன்ற சின்ன வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், நாலு பேரும் கூரைத் தட்டும் ஏறினாலே எல்லை வந்துவிடும்.

இந்த எடை முழுவதும் ஸ்பிரிங் மேல் விழுவதில்லை. ஆக்சிலும் சக்கரங்களும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. பெரிய வண்டியில் ஒரு ஆக்சிலும் அதன் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து 150 முதல் 200 கிலோ வரும். அதைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒரு ஸ்பிரிங் தாங்கும் எடை. பின் ஆக்சில் காலியில் 700 கிலோ, பாரத்தோடு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 200 கழித்தால் ஒரு ஸ்பிரிங்குக்குக் காலியில் 250, பாரத்தோடு 400. இந்த இரண்டு எண்களை எழுதி வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நிற்கும் உயரம்

தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்றும் டயர் தேய்மானமும் அதில் கலந்துவிடும். சக்கர நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். மட்டமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் கையால் அமுக்கி ஆட்டிவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பிறகு ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அளவெடுங்கள். நான்கு மூலை, காலியில் ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை. அதோடு ஆக்சிலுக்கு மேல் இருக்கும் ரப்பர் தடுப்புக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியையும் பாரத்தோடு அளந்துகொள்ளுங்கள். மேலே போக எத்தனை இடம் மிச்சம் என்பதை அதுதான் சொல்லும்.

கழற்றுவது

இரண்டு பேர் இருந்தால் செய்யுங்கள், தனியாக வேண்டாம். பின்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பிறகு ஆக்சிலின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு, சக்கரங்களை எடுத்து, ஷாக்குகளின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, மெதுவாக ஆக்சிலை இறக்குங்கள். இறக்கும்போது ஒருவர் பிரேக் ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏ.பி.எஸ். வயர் இருந்தால் அதையும். இழுபட ஆரம்பித்தால் நிறுத்துங்கள், க்ளிப்பைக் கழற்றி விட்டுப் பிறகு இறக்குங்கள். ஆக்சில் போதுமான அளவு இறங்கியதும் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையில் வந்துவிடும். லாண்ட் ரோவரில் கீழே ஒரு தட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும், அதன் போல்ட்டுகள் பெரும்பாலும் துருப்பிடித்தே இருக்கும், முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.

கழற்றிய உடனே பெயின்ட் பேனாவால் எந்தப் பக்கம், மேல் எது, கீழ் எது என்று எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்றால் மறந்துபோகும்.

நான்கு அளவும் ஒரு கணக்கும்

கம்பியின் விட்டம், சுருளின் வெளி விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், பாரமில்லாத உயரம். இவ்வளவுதான் வேண்டும்.

கம்பியை வெர்னியரால் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். மேல் பூச்சு தடிமனாக இருந்தால் அதுவும் அளவில் சேர்ந்துவிடும், பூச்சு உரிந்த இடம் இருந்தால் அங்கே அளப்பது நல்லது, நீங்களாகச் சுரண்ட வேண்டாம். இந்த அளவில் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் விடை தப்பிவிடும், ஏன் என்று இப்போது தெரியும். வெளி விட்டத்திலிருந்து கம்பி விட்டத்தைக் கழித்தால் சராசரி விட்டம். சுற்றுகளை எண்ணும்போது மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் படிந்து உட்காரும் பகுதி வேலை செய்வதில்லை, அதை விட்டுவிட்டு எண்ணுங்கள். தட்டில் படிந்த பகுதியில் தேய்ந்த தடம் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இனி கணக்கு. கம்பி விட்டத்தை அதே எண்ணால் நான்கு தடவை வரும்படி பெருக்கி, அதை 79,000 ஆல் பெருக்குங்கள். இது மேலே. சராசரி விட்டத்தை மூன்று தடவை வரும்படி பெருக்கி, வேலை செய்யும் சுற்றுகளால் பெருக்கி, 8 ஆல் பெருக்குங்கள். இது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால், ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்று வரும். இதுதான் விறைப்பு. 79,000 என்பது ஸ்பிரிங் எஃகின் முறுக்கு விறைப்பு, எந்தக் கம்பெனி எஃகாக இருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு ஸ்பிரிங். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, எந்த வண்டியுடையதும் அல்ல. இரண்டுக்கும் சராசரி விட்டம் 135 மி.மீ., வேலை செய்யும் சுற்று 7. முதலாவதின் கம்பி 15 மி.மீ., இரண்டாவதின் கம்பி 16 மி.மீ. கணக்குப் போட்டால் முதலாவது மில்லிமீட்டருக்கு 29 நியூட்டன், இரண்டாவது 37.6 நியூட்டன். ஒரே ஒரு மில்லிமீட்டர் கனம் கூடியதில் விறைப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறிவிட்டது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கையில் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

பட்டியல்களில் பவுண்ட், அங்குலக் கணக்கில் போட்டிருந்தால் நியூட்டன் எண்ணை 5.71 ஆல் பெருக்குங்கள். முதலாவது 166, இரண்டாவது 215 என்று வரும்.

சுற்றுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஒரு முனையில் நெருக்கமாகவும் மறு முனையில் அகலமாகவும் இருந்தால் அது அமுங்க அமுங்க விறைக்கும் வகை. அதற்கு இந்தக் கணக்கு ஆரம்ப விறைப்பை மட்டும்தான் சொல்லும். நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிய பிறகு மிச்சமுள்ள சுற்றுகளை மட்டும் வைத்து இன்னொரு தடவை கணக்குப் போட்டால் கடைசி விறைப்பு கிடைக்கும். டிஃபெண்டர் 130 இல் இருப்பது போலச் சுருளுக்குள் இன்னொரு சுருள் இருந்தால் இரண்டையும் தனித்தனியே அளந்து, உள் சுருளும் பாரம் வாங்கும் நிலையில் இரண்டு விறைப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒப்பிடுங்கள்

மேலே சொன்ன இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொள்வோம். மெல்லிய கம்பிக்காரரின் பாரமில்லாத உயரம் 420 மி.மீ., கனமான கம்பிக்காரர் 400 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யாருமே 420 ஐத்தான் எடுப்பார்கள்.

250 கிலோ என்றால் 2,450 நியூட்டன் பக்கம். முதலாவது 85 மி.மீ. அமுங்கி 335 இல் நிற்கும். இரண்டாவது 65 மி.மீ. அமுங்கி அதுவும் 335 இல் நிற்கும். அதாவது காலி வண்டி இரண்டிலும் ஒரே உயரம். இப்போது 400 கிலோ ஏற்றுங்கள். முதலாவது 285 க்கு இறங்கிவிடும், இரண்டாவது 296 இல் நிற்கும். குட்டையான ஸ்பிரிங்தான் பாரத்தில் 11 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. அந்தக் கடைக்காரர் எனக்குத் தந்தது இதற்கு நேர் எதிரானது, விறைப்பு மாறாமல் உயரம் மட்டும் கூடியது. காலியில் 40 மி.மீ. மேலே, பாரத்திலும் 40 மி.மீ. மேலே, இறங்கும் தூரம் மட்டும் மாறவே இல்லை.

ஆகவே உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் பாரத்தோடு ஓடுகிற வண்டி, இரும்பு பம்பரும் வின்ச்சும் நிரந்தரமாக முன்னால் இருக்கும் வண்டி என்றால் விறைப்பு கூடியது சரி. வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் பாரம் ஏற்றுகிறவருக்கு அது தண்டனை. ஏனென்றால் காலியில் முதலாவது ஸ்பிரிங் வண்டியை ஒரு நொடிக்கு 1.7 தடவை ஆட்டும், இரண்டாவது 1.95 தடவை. எண்ணில் சின்ன வித்தியாசம், முதுகில் பெரிய வித்தியாசம். வரிவரியான சரளைப் பாதையில் விறைப்பான பின் ஸ்பிரிங் வைத்த காலி வண்டி துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் நகரும், வளைவில் அது ஆபத்து. பாறையில் ஏறும்போதும் விறைப்பான ஸ்பிரிங் போதிய அளவு நீளாமல் ஒரு சக்கரத்தைக் காற்றில் தூக்கிவிடும், தரையில் இல்லாத சக்கரம் இழுக்காது. எப்போதாவது பாரம் ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது, கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, சுருளுக்குள் போகும் காற்றுப் பையைப் போடுங்கள், பாரம் ஏற்றும் நாளில் மட்டும் காற்றடியுங்கள், இறக்கியதும் குறையுங்கள்.

இன்னும் இரண்டு சோதனை உண்டு, இரண்டையும் விடக்கூடாது. ஷாக்கை மாட்டியபடி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு, மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் பாரமில்லாத உயரம் அதைவிடக் குறைவாக இருந்தால் பாறையில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவிவிடும். நான் மேலே புகழ்ந்த அந்தக் குட்டை ஸ்பிரிங்குக்கு இந்த வில்லங்கம் வரலாம். இரண்டாவது, மொத்தச் சுற்றுகளைக் கம்பி விட்டத்தால் பெருக்கினால் ஸ்பிரிங் முழுக்க நசுங்கிய உயரம் வரும். ஆக்சில் ரப்பர் தடுப்பை முட்டும்போது தட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பருக்கு முன்னால் இரும்பு முட்டும், சட்டத்தில் விரிசல் விடும்.

ஸ்பிரிங் ஆக்சில் மேல் இல்லாமல், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் சக்கரத்துக்கு வரும் விறைப்பு, கணக்கில் வந்ததைவிடக் குறைவு. ஒரே வண்டிக்கு இரண்டு ஸ்பிரிங்கை ஒப்பிடும்போது அது இரண்டுக்கும் ஒரே விகிதத்தில்தான் குறையும், எது விறைப்பு என்று முடிவெடுக்கத் தடையில்லை. வேறு மாடல் வண்டியின் எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

தளர்ந்த ஸ்பிரிங் மென்மையாகிவிட்டதா

இல்லை. இதைப் பட்டறைக்காரர்கள் பலரும் தப்பாகச் சொல்கிறார்கள். வருஷக் கணக்கில் பாரம் தாங்கிய ஸ்பிரிங் உயரம் குறையும், ஆனால் எஃகின் முறுக்கு விறைப்பு மாறுவதில்லை. துரு தின்று கம்பி மெலிந்திருந்தால் ஒழிய, பழைய ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்கக் கேட்கும் பாரம் புதியது கேட்பதுதான். குறைந்த இடத்தில் ஆரம்பிப்பதால் ரப்பர் தடுப்பை அடிக்கடி முட்டுகிறது, ஆட்டம் நிற்காமல் இருப்பது பெரும்பாலும் செத்த ஷாக்கினால். இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு: யார்டில் கிடக்கும் இருபது வருஷப் பழைய ஸ்பிரிங்கை அளந்தாலும் விறைப்புக் கணக்கு சரியாகவே வரும். உயரத்தை மட்டும் அதிலிருந்து நம்பக்கூடாது.

தளர்ச்சி 10, 15 மி.மீ. தான், விறைப்பு உங்கள் எடைக்குச் சரியாக இருக்கிறது என்றால் மேல் தட்டில் ஒரு பாலியூரித்தேன் வளையம் வைத்து உயரத்தை மீட்கலாம். ஸ்பிரிங்கைச் சூடாக்கி நிமிர்த்துவது, ஒரு சுற்றை வெட்டுவது, உடைந்ததை வெல்டிங் வைப்பது, இந்த மூன்றையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு அங்கேதான் உடையும்.

யார்டில் வாங்கும்போது

நம் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்க் கடைசிச் சுற்றில்தான் உடையும், ஏனென்றால் அங்கேதான் மணலும் சேறும் தேங்கி, பூச்சைத் தேய்த்து, துருக் குழி விழுந்து, குழியிலிருந்து விரிசல் ஓடும். அதனால் கீழ்ச் சுற்றை முதலில் பாருங்கள். நகத்தை ஓட்டிப் பார்த்து நகம் குழியில் சிக்கினால் வேண்டாம். மேலோட்டமான செந்துரு பரவாயில்லை. கம்பியில் ஸ்பானர் கடித்த தடம், ப்ளையர் பிடித்த பல் தடம், கேஸ் கட்டிங் வைத்து ஆக்சிலை வெட்டியபோது பட்ட நீலக் கறை, இருந்தால் விட்டுவிடுங்கள். உள்நாட்டிலிருந்து, ஃப்ரீ ஸ்டேட், கரூ பக்கமிருந்து வந்த வண்டியின் ஸ்பிரிங் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை, உப்பு குறைவு.

ஜோடியாக, ஒரே வண்டியிலிருந்து மட்டும் வாங்குங்கள். வெர்னியரும் டேப்பும் பாக்கெட்டில் இருக்கட்டும். கால்குலேட்டருக்கு ஃபோன் இருக்கிறது, அங்கேயே நின்று கணக்குப் போடுங்கள். நான் அப்படித்தான் ஒரு ஞாயிறு காலை, வெருலம் பக்கத்து யார்டு ஒன்றில், பின்னால் ஏதோ இயந்திரத்தைச் சுமந்து ஓய்ந்த 110 ஒன்றின் பின் ஸ்பிரிங்குகளை அளந்து, என்னுடையதைவிட விறைப்பு 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததைப் பார்த்து, எடை மேடைச் சீட்டோடு ஒப்பிட்டு வாங்கினேன். கடையில் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு காசு.

மாட்டியபின்

சுருளின் வால் முனை இருக்கையில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மேல் ரப்பர் இன்சுலேட்டரைப் புதிதாகப் போடுங்கள், விலை குறைவு, சத்தம் போகும். கைகளின் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் வண்டி தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் எடையில் நின்ற பிறகு இறுக்கினால்தான் புஷ் ரப்பர் முறுக்கிக் கிழியாமல் இருக்கும். விறைப்பு 20, 30 சதவீதம் கூடியிருந்தால் பழைய ஷாக் அதன் எகிறலைப் பிடிக்கத் திணறும். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், வேகத்தடை தாண்டியபின் ஒரு தடவைக்கு மேல் குதித்தால் ஷாக்கும் மாற்ற வேண்டும். முன்பக்கம் 50 மி.மீ. பக்கம் உயர்ந்துவிட்டால் முன் ஆக்சிலின் சாய்வு குறைந்து ஸ்டியரிங் நேராகத் திரும்பி வர மறுக்கும், அலைன்மென்டுக்குக் கொண்டுபோய் அந்தக் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும் திருத்துங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே சிமென்ட் தரையில், அதே முறையில் நான்கு மூலையையும் அளந்து எழுதுங்கள். புதிய ஸ்பிரிங் முதல் மாதத்தில் சில மில்லிமீட்டர் இறங்கி நிலைக்கும், அது குறையல்ல. என்னுடைய அளவுகள் ஓட்டுநர் கதவின் உள்பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எழுதியிருக்கின்றன: தேதி, நான்கு மூலை, காலி, பாரம். போன ஆடிக்கு அண்டாவை ஏற்றியபின் பின்பக்கம் அளந்தேன், காலியிலிருந்து 36 மி.மீ. இறங்கியிருந்தது. அதையும் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.